ராகு காலத்துல நின்னு போன பம்பு

நீச்சல் குளத்து வேலை பாக்குறவன்னு சொன்னதும் ஜனங்க முதல்ல கேக்குறது, "அப்ப நல்லா நீந்துவீங்க போல"ன்னுதான். எனக்கு நீச்சல் தெரியாது. பல் டாக்டருக்குப் பல்லு ஆடக்கூடாதுன்னு சட்டமா இருக்கு? ஈப்போ சுத்து வட்டாரத்துல எத்தனையோ குளத்துக்குப் பம்பு மாட்டியிருக்கேன், குழாய் ஒட்டியிருக்கேன். ஒண்ணுலயும் கணுக்காலுக்கு மேல நனைஞ்சதில்ல.

ஏர்கோன் பாக்குறவங்க, ஒயரிங் பண்றவங்க, கேட்டு மோட்டார் மாட்டுறவங்க எல்லாருக்கும் இது தெரியும். மெஷின் பாவம், அது பாட்டுக்கு இருக்கும். அது இருக்குற வீடுதான் நம்மளப் போட்டுப் பாக்கும். அப்படி ஒரு வீட்டுல நான் பட்ட பாட்டைச் சொல்றேன், கேளுங்க. உங்களுக்கு நடந்தது ஒண்ணுமே இல்லன்னு ஆறுதலா இருக்கும்.

வெந்நீர் ஊத்து இருக்கே!

தீபாவளி முடிஞ்ச கையோட சுங்காய்ல இருந்து போன் வந்துச்சு. பழைய ரப்பர் தோட்டத்துத் தொரை பங்களா. சுத்தி இப்ப பூரா செம்பனை, அந்த எண்ணெய்ப் பனைதான். பங்களாவை லெட்சுமணன் செட்டியார் வாங்கி, பின்னால ஒரு குளமும் வெட்டி வெச்சிருக்காரு. வியாபாரத்தை மகன் கையில குடுத்துட்டு இங்க வந்து உக்காந்துட்டாரு. சம்சாரம் சிலோன் குடும்பத்துப் பொண்ணு, தலைமையாசிரியையா இருந்து ரிட்டையரானவங்க. ஊரே அவங்களை டீச்சர்னு கூப்பிடுது. புருஷனும் அப்படித்தான் கூப்பிடுறாரு.

டீச்சருக்கு முட்டியில ஆபரேஷன் ஆயிருந்துச்சு. எல்லாம் நல்லாத்தான் ஆறியிருக்கு. ஆனா கைத்தடி இல்லாம ஒரு அடி எடுத்து வைக்கப் பயம். இதமான சுடுதண்ணிக்குள்ள தினமும் நடங்க, தைரியம் தானா வரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. தை மாசம் மகன் கல்யாணம், பொண்ணு தைப்பிங். மருமக வாசல்ல வந்து நிக்கும்போது டீச்சர் படியிறங்கிப் போயி ஆரத்தி எடுக்கணும். ரெண்டு கையிலயும் தட்டு இருந்தா தடியை எதுல பிடிக்கிறது? அதான் அவங்க கவலை. வேற யாரையாச்சும் எடுக்கச் சொல்லலாமேன்னு ஒரு சொந்தக்காரம்மா சொன்னாங்களாம். அந்தம்மா அதுக்கப்புறம் அந்த வீட்டுப் பக்கமே வர்றதில்லையாம்.

குளத்துத் தண்ணியோ மர நிழல்ல கெடந்து சில்லுன்னு இருக்கு. டீச்சர் கால வெச்சு வெச்சு எடுத்துர்றாங்க. நான் வாய வெச்சிக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். "பக்கத்துலயே வெந்நீர் ஊத்து இருக்கே டீச்சர்! ஜனங்க முட்டையெல்லாம் அவிச்சுத் திங்கிறாங்களே, அங்க போயி நடக்கலாமே"ன்னேன். கண்ணாடிக்கு மேல ஒரு பார்வை பாத்தாங்க. வீட்டுப்பாடம் செய்யாத பயலாட்டம் நான் நின்னேன்.

"ஊரெல்லாம் பாக்க வெந்நீருக்குள்ள போய் நிக்க நான் என்ன அவிக்கிற முட்டையோ, தம்பி?"

அவரைக் கேளுங்க, இவரைக் கேளுங்க

புருஷனும் பொண்டாட்டியும் ஒருத்தரை ஒருத்தர் கேக்காமலே ஜாமான் வாங்கிட்டாங்க. செட்டியார் வாங்கினது வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பம்பு. மெதுவா ஓடினா கரண்டு கம்மியாகும்னு அவருக்குக் கொள்ளை ஆசை. டீச்சர் வாங்கினது சோலார். கூரையில விரிக்கிற கறுப்புக் குழாய்ப் பாய், கூட ஒரு கண்ட்ரோலர். கூரை நல்லா சுட்டா கண்ட்ரோலர் ஒரு வால்வைத் தொறந்து குளத்துத் தண்ணியை மேல அனுப்பும். தண்ணி சூடாகிக் கீழ இறங்கும். ஆனா மேல ஏத்துறதுக்குப் பம்பு வேகமா ஓடணும். ஆக, கண்ட்ரோலர் கேக்குறப்ப பம்பு வேகத்தைக் கூட்டணும். ரெண்டையும் பேச வைக்கத்தான் என்னைக் கூப்பிட்டது.

நான் போனப்போ வீட்டுக்காரங்க ரெண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை இல்ல. கேக்காம வாங்கிட்டாங்களாம், அந்தக் கோவம். மெஷின் ரெண்டும் வேற வேற கம்பெனி. நானும் என் கூட்டாளி ஆ செங்கும் பம்பு ரூம்ல உக்காந்து புஸ்தகத்தைப் பிரிச்சோம். ஆ செங் தோட்டத்துல மளிகைக் கெடாய் வெச்சிருந்த சீனத் தவுக்கே, அதான் கடை முதலாளி, அவரோட மகன். நம்ம பிள்ளைங்களோட கோலி வெளையாடி வளந்தவன், அவன் தமிழ்ல திட்டினா நம்மாளே காதைப் பொத்திக்குவான். எந்த ஓட்டையில ஒயரைச் சொருகுறதுன்னு பம்பு புஸ்தகத்தைப் பாத்தா, கண்ட்ரோலர் கம்பெனியைக் கேளுங்கன்னு போட்டிருக்கு. கண்ட்ரோலர் புஸ்தகத்தைப் பாத்தா, பம்பு கம்பெனியைக் கேளுங்கன்னு போட்டிருக்கு.

அந்த நேரம் பாத்து டீச்சர் சமையக்கட்டு ஜன்னல்ல இருந்து, "தம்பி, மத்தியானத்துக்கு மீனோ கோழியோ எண்டு அவரிட்டக் கேளுங்கோ"ன்னாங்க. செட்டியார் அந்த ஜன்னலுக்குக் கீழதான் நிக்கிறாரு. கை நீட்டினா தொடலாம். "என்ன வாங்கி வெச்சிருக்காங்கன்னு டீச்சரைக் கேளுங்க தம்பி"ங்கிறாரு. ஆ செங் ரெண்டு புஸ்தகத்தையும் மூடிட்டான்.

"மச்சான், இந்த வீட்டுல எல்லாமே ஒரே கம்பெனி லா."

குளம் கொதிக்குது

ஒயரை நாங்களே மாத்தி மாத்திச் சொருகி, ஒரு வழியா ரெண்டையும் பேச வெச்சிட்டோம். வெயில் ஏறுச்சு. கண்ட்ரோலர் கேட்டுச்சு, பம்பும் வேகம் எடுத்துச்சு. ஆஹா, வேலை முடிஞ்சிச்சுன்னு நாங்க ஈப்போவுக்குத் திரும்பினோம். மறுநாளே டீச்சர் போன். தண்ணி சூடாகலையாம்.

போயி பாத்தா, செட்டியார் பம்பு ரூம் வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்திருக்காரு, கையில கோப்பி. பம்பு வேகமெடுத்துச் சத்தம் போட்டதும் மெதுவா எந்திரிச்சு, பட்டனை அமுக்கி வேகத்தைக் குறைச்சிட்டுத் திரும்ப உக்காருறாரு. மாடு கட்டியிருக்கிற ஆளு கயித்தைப் பிடிச்சு இழுக்குற மாதிரி, அவ்வளவு பழக்கமா. தண்ணி பாதிச் சுவரு வரைக்கும் ஏறிட்டு, கூரையைப் பாக்காமலே இறங்கிருது. மேல இருக்குற குழாய்ல தண்ணிக்குப் பதிலா காத்து புகுந்து, அது குளத்துக்குள்ள வந்து குமிழ் குமிழா வருது. செட்டியார் என் கையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போயி காட்டுறாரு: "பாருங்க தம்பி, மெதுவா ஓடியே எப்படிக் கொதிக்குது!"

நான் கையை விட்டுப் பாத்தேன். ஐஸ் கச்சாங் மாதிரி இருக்கு. "அண்ணே, இது கொதி இல்ல, வெறும் காத்து. வேகம் இல்லாம தண்ணி கூரைக்கு ஏறாது"ன்னு தலையில அடிச்சுக்காத குறையாச் சொன்னேன். அவரு கோப்பியை ஒரு வாய் குடிச்சாரு.

"மெதுவாவே ஏறட்டுமே தம்பி. இது என்ன கே.எல். போற கடைசி பஸ்ஸா?"

கூரையில ஒரு மண்டை

வெயில் இருந்தா மட்டும் பம்பு வேகமா ஓடுற மாதிரி வெச்சு, பட்டனுக்குப் பூட்டு நம்பர் போட்டு, நம்பரை டீச்சர்கிட்ட மட்டும் சொல்லிட்டேன். செட்டியாருக்கு என் மேல வருத்தம்தான். என்ன செய்யிறது, டீச்சர் முட்டி முக்கியமா, அவரு முகம் முக்கியமா? மழைக்காலம் வேற. வெயில் அடிக்கிற நேரமே கொஞ்சம். அதையும் விட்டா கல்யாணத்துக்குள்ள அவங்க எப்ப நடந்து பழகுறது?

அப்பவும் சூடாகல. மண்டையைப் பொளக்குற வெயில்ல கண்ட்ரோலரைப் பாத்தா, கூரையில குளிருதுங்கிது! கூரையோட சூட்டைப் பாத்துச் சொல்றதுக்கு மேல ஒரு சின்ன சென்சார் வெச்சிருப்போம். அது கெட்டுப் போச்சு போலன்னு ஆ செங்கை ஏத்தி விட்டேன். ஏணி பாதியில நின்னுட்டு, "மச்சான், மேல ஒருத்தன் மீசை வெச்சிக்கிட்டு என்னைப் பாக்குறான்"னு கத்துறான்.

திருஷ்டிப் பூசணிக்கா. நல்லா உரல் மாதிரி ஒண்ணு. முழிச்ச கண்ணு, முறுக்கு மீசை, தொங்குற நாக்கு எல்லாம் வரைஞ்சு, சரியா சென்சாருக்கு மேல கட்டி விட்டிருக்காரு செட்டியார். பூசணிக்கா நிழல்ல சென்சார் அது பாட்டுக்குத் தூங்குது. "புது மெஷினு, நாலு பேரு கண்ணு படாதா? செம்பனைத் தோட்டத்து மேனேஜர் தினமும் காடியை நிறுத்தி நிறுத்திக் கூரையையே பாக்குறாரு தம்பி"ங்கிறாரு. தொங்குற பூசணிக்காயைத்தான் அந்த மனுஷன் பாத்திருப்பாரு! கொஞ்சம் நகத்திக் கட்டுங்கண்ணேன்னு கையெடுத்துக் கும்பிட்டேன். யோசிச்சு யோசிச்சு ஒத்துக்கிட்டாரு.

"நகத்துங்க. ஆனா மூஞ்சி மட்டும் அந்த மேனேஜர் வீட்டுப் பக்கமே இருக்கட்டும்."

தவுக்கே எப்போ தூங்குனாரு

இப்ப தண்ணி கொஞ்சம் சூடாச்சு. ஆனா போதல. டீச்சர் போன் போட்டு, "பம்பு தினமும் ஒருக்கா செத்துப் போகுது தம்பி. ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு நேரம்"ங்கிறாங்க. நல்ல வெயில் நேரமாப் பாத்து சாகுதாம், அப்புறம் தானா உயிர் வருதாம். நான் ஒயரை மாத்தினேன், சுவிச்சை மாத்தினேன். எலி கடிச்சிருக்குமோன்னு தேடினேன். குரங்கு மேலயும் சந்தேகப்பட்டேன். டீச்சர் ஒண்ணும் திட்டல, ஆனா கல்யாணப் பத்திரிகையை என் கையில குடுத்தாங்க பாருங்க, அதுக்குத் திட்டியிருக்கலாம்.

அடுத்த நாள் பம்பு ரூம்ல உக்காந்து நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரிச்சோம். ஆ செங் வாயில சோத்தோட, "டீச்சர் எந்தெந்த நேரம் சொன்னாங்க?"ன்னான். புதன்கிழமை உச்சி நேரம், வெள்ளிக்கிழமை காலையில பத்தரை, ஞாயித்துக்கிழமை சாயங்காலம்னு நான் சொல்லச் சொல்ல, அவன் மெல்லுறதை நிறுத்திட்டான். "இன்னிக்கு வியாழன்தானே? ஒன்றரைக்கு நிக்கும் பாரு." சொல்லி வாய மூடல, பம்பு நின்னுச்சு. "எப்பட்றா?"ன்னேன். ராகு காலம்டாங்கிறான், ஒரு சீனன், எனக்கு! அவங்கப்பா கடையில நாள்காட்டி தொங்குமாம். ராகு காலத்துல தோட்டத்து ஜனங்க ஒருத்தரும் புதுசா எதுவும் வாங்க வரமாட்டாங்களாம்.

"உங்க ராகு புண்ணியத்துலதான் எங்கப்பா தினமும் கடையிலயே ஒரு தூக்கம் போட்டாரு மச்சான்."

வேகம் கூட்டுறது ஆரம்பிக்கிறது ஆகுமா?

மெயின் சுவிச்சுப் பெட்டிகிட்ட ஓடினேன். செட்டியார் நிக்கிறாரு, கை இன்னும் சுவிச்சு மேல. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "என்னண்ணே இது, வெளையாட்டா? நாங்க என்ன வேலையத்தவங்களா?"ன்னு கத்திட்டேன். அவரு கத்தல. "ஓடிக்கிட்டு இருக்கிறது ஓடட்டும் தம்பி, தப்பில்ல. ஆனா இந்தச் சனியன் மேகம் வந்தா நிறுத்துது, வெயில் வந்தா திரும்ப ஆரம்பிக்குது. ராகு காலத்துல ஆரம்பிச்ச தண்ணியில அவங்க இறங்கி, கால்ல ஏதாவது ஆயிட்டா?"ன்னாரு. "ஆபரேஷன் ரூம் வாசல்ல நான் உக்காந்திருந்தது எனக்குத்தான் தெரியும்." எனக்குக் கோவம் எங்க போச்சுன்னே தெரியல. ச்சே, இந்த மனுஷனைப் போயி கத்தினோமேன்னு ஆயிருச்சு.

ஜன்னல்ல டீச்சர் நிக்கிறாங்க. கேட்டுட்டாங்கன்னு முகத்துலயே தெரியுது. ஆனா விடுவாங்களா? "அவர் பாக்கிற நாள்காட்டி காரைக்குடியில இருந்து வந்தது. இங்க சூரியன் வாறதே ஏழு மணிக்கு எண்டு அவருக்குச் சொல்லுங்கோ தம்பி"ன்னாங்க. செட்டியாரும் சளைக்கல. "சூரியன் லேட்டா வரும், ராகு லேட்டா வரமாட்டாருன்னு சொல்லுங்க"ன்னாரு.

அப்பதான் எனக்குப் பொறி தட்டுச்சு. "அண்ணே, பம்பை நிறுத்தவே வேணாம். விடியக்காலையில நல்ல நேரத்துல ஆரம்பிச்சிருவோம். பகல் பூரா உங்க இஷ்டப்படி மெதுவா ஓடட்டும். வெயில் வந்தா வேகம் கூடும், போனா குறையும். வேகம் கூட்டுறது ஆரம்பிக்கிறது ஆகுமா?"ன்னேன். நடந்து போறவன் ராகு காலத்துல எட்டி நடை போட்டா தோஷமில்லன்னு செட்டியாரே ஒரு நியாயம் கண்டுபிடிச்சாரு. பூட்டு நம்பரும் வேணாம்னு சொன்னாரு, இனி பட்டன்ல கை வைக்க மாட்டாராம். ஆனா அந்த வால்வு தொறக்குறதுதான் அவருக்கு உறுத்திக்கிட்டே இருந்துச்சு.

"கதவு தொறக்குறதுக்கெல்லாம் நேரம் பாக்க முடியாதுதான் தம்பி. ஆனா முதல் தடவை மட்டும் நல்ல நேரத்துல தொறந்துருவோம்."

எலுமிச்சம்பழம்

நல்ல நேரத்துல தொறந்தோம். பம்புக்குச் சந்தனம், குங்குமம், பூமாலை. குளத்தோரம் நாலு மூலையிலயும் குங்குமம் தடவுன எலுமிச்சம்பழம். தண்ணி சூடாச்சுங்க! குழந்தையைக் குளிப்பாட்டலாம், அப்படி ஒரு இதம். டீச்சர் பழைய சுடிதாரோட படியில இறங்கி, கண்ணை மூடிக்கிட்டு "அம்மாடி"ன்னு ஒரு மூச்சு விட்டாங்க. எனக்குச் சம்பளமே வேணாம் போல இருந்துச்சு. ஒரு நிமிஷம்தான்.

ஏன்னா, தண்ணிக்குள்ளயும் கைத்தடி. தினமும் இறங்குறாங்க, தினமும் நடக்குறாங்க, தடியை விடமாட்டேங்கிறாங்க. கல்யாணம் கிட்ட வந்துருச்சு. செட்டியார் கரையில நின்னு, "தம்பி, தடியை விடச் சொல்லுங்க"ங்கிறாரு. "தம்பி, அவரை வந்து நடந்து பாக்கச் சொல்லுங்கோ"ங்கிறாங்க அவங்க. அன்னிக்கு நான் தண்ணி சூடு பாக்கக் குளத்தோரமா நடந்து வந்தவன், இவங்க ரெண்டு பேருக்கும் மாறி மாறிப் பதில் சொல்லிக்கிட்டே எலுமிச்சம்பழத்து மேல கால வெச்சிட்டேன்.

வானம் தெரிஞ்சிச்சு, அப்புறம் தண்ணி. மூக்குல, வாயில, காதுல எல்லாம் தண்ணி. செத்தோம்டான்னு கையையும் காலையும் அடிச்சேன். "ஐயோ, அவனுக்கு நீச்சல் தெரியாது!"ன்னு ஆ செங் போடுற கூச்சல் எங்கயோ கேக்குது. திடீர்னு யாரோ என் சட்டைக் காலரைக் கொத்தாப் பிடிச்சுத் தூக்குனாங்க. கண்ணைத் தொறந்தா, முதல்ல தெரிஞ்சது கைத்தடி. தனியா மெதந்து போயிட்டு இருக்கு. கரையில செட்டியார் வாயைப் பொளந்துட்டு நிக்கிறாரு. என்னைப் பாக்கல அவரு. என் காலரைப் பிடிச்சிருக்கிற ரெண்டு கையையும்தான் பாக்குறாரு. குளத்தோட அந்தக் கோடியில இருந்து இந்தக் கோடி வரைக்கும் டீச்சர் தடி இல்லாமலே நடந்து வந்திருக்காங்க.

"கத்தாதேங்கோ தம்பி, எழும்பி நில்லுங்கோ. தண்ணி உங்கட இடுப்பளவுதான்."

வாசப்படி

தைப்பிங்ல கல்யாணம். மழை. அந்த ஊர்ல மழை இல்லாமப் போயிருந்தாத்தான் பந்தல்காரரு பயந்திருப்பாரு. தாலி கட்டு முடிஞ்சு, மாப்பிள்ளை பொண்ணை ஏத்திக்கிட்டு காடிங்க சுங்காய் பங்களாவுக்கு வந்து சேந்துச்சு. நானும் ஆ செங்கும் முன்னாடியே வந்து வாசல்ல கட்டியிருந்த வாழை மரத்துகிட்ட நின்னோம். செட்டியார் எங்க பக்கத்துல வந்து நின்னுக்கிட்டாரு. பட்டு வேட்டி, உள்ளங்கை ரெண்டும் வேர்த்து வேர்த்துத் துடைச்சிட்டே இருக்காரு.

பொண்ணு மாப்பிள்ளை இறங்கி நின்னாங்க. டீச்சர் உள்ள இருந்து வந்தாங்க. தடி கதவோரம் சாத்தி வெச்ச இடத்துலயே இருக்கு. ரெண்டு கையிலயும் தட்டு, தட்டுல சேப்பா ஆரத்தித் தண்ணி, நடுவுல கற்பூரம். முதல் படி, ரெண்டாம் படி. ஆ செங் அவன் பாஷையில ஏதோ சாமியைக் கூப்பிடுறான். மூணாம் படியில இருந்து பாருங்க, டீச்சர் தண்ணிக்குள்ள நடந்த அந்த வேகத்தை எடுத்துட்டாங்க. நேரா மருமக முன்னால போயி நின்னு, தட்டைச் சுத்த ஆரம்பிச்சிட்டாங்க. ஒரு சொட்டு சிந்தல. நான் வெக்கமில்லாம அழுதேன். கல்யாணத்துக்கு வந்த கேமராக்காரரு, டீச்சர் இன்னும் படியிலதான் இருக்காங்கன்னு வராந்தாப் பக்கமே கேமராவைத் திருப்பிட்டு நிக்கிறாரு. செட்டியார் கண்ணைத் துண்டால ஒத்திக்கிட்டு, என் காதுகிட்டக் குனிஞ்சாரு.

"தம்பி, கொஞ்சம் மெதுவா போகச் சொல்லுங்க அவங்களை, இது என்ன கே.எல். போற கடைசி பஸ்ஸா?"

ரெண்டு மெஷினுக்கு நடுவுல ஒரு ஒயரைப் போட்டா அது பாட்டுக்குப் பேசிக்கும், புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுல அந்த ஒயரா நிக்கப் போறவங்க மட்டும் தயவு செஞ்சு நீச்சல் கத்துக்கிட்டுப் போங்க.